ஏழாம் நம்பருக்கு அழைப்பு

ஞாயிற்றுக்கிழமை. மதியம் மூன்று மணி பத்து நிமிடம்.

சிரிக்காதீர்கள். பேய்க் கதை நள்ளிரவில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. மண்டையைப் பிளக்கும் வெயில். வரிசையாகத் தொழிற்சாலைகள் இருக்கும் நீளமான சாலை. வார நாட்களில் லாரிகள் முட்டிக்கொண்டு நிற்கும் இடம். அன்றைக்கு ஒரு நாய்கூட இல்லை. இரண்டு பக்கமும் உயரமான மதில், பூட்டிய இரும்புக் கதவுகள்... நடுவில் ஒரே ஒரு பைக்.

அதை ஓட்டிப் போனவர் என் நண்பனின் அக்கா கணவர். நண்பன் அவரை அத்தான் என்று கூப்பிடுவான். நாமும் அத்தான் என்றே வைத்துக்கொள்வோம். முதுகில் லேப்டாப் பை. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. யாராவது பின்னால் வருகிறார்களா என்று வழியெல்லாம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே போனாராம். யாரும் வரவில்லை. வந்து பிடித்திருந்தால் தேவலை என்று பிற்பாடு அவரே சொன்னார்.

அத்தானுக்கு ஒரு சோப்புத் தொழிற்சாலையில் கண்ட்ரோல் டெக்னீசியன் வேலை. அது என்ன வேலை என்று சொல்லாவிட்டால் கதை புரியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், சின்னப் பாடம்தான்.

அங்கே ஆறு பெரிய இயந்திரங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு டெர்மினல். ஒரு சின்னத் திரை, கீழே நாலைந்து பொத்தான்கள். ஆபரேட்டர் அதைத்தான் அழுத்துவார். ஆனால் இயந்திரத்தை ஓட்டுவது அந்த டெர்மினல் இல்லை. தனி அறையில், பீரோ மாதிரி ஒரு பெட்டிக்குள் கண்ட்ரோலர் இருக்கிறது. அதுதான் எஜமான். டெர்மினல் தானாக வாயைத் திறக்கக் கூடாது. கண்ட்ரோலர் நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் பேச வேண்டும். ஒன்று, இருக்கிறாயா? இருக்கிறேன், விசேஷம் ஒன்றுமில்லை. இரண்டு, இருக்கிறாயா? இருக்கிறேன், இங்கே நிறுத்தச் சொல்கிறார்கள். இப்படி ஆறு வரை போகும், மறுபடி ஒன்றிலிருந்து வரும். வகுப்பில் வாத்தியார் பெயர் கூப்பிடுவது போலத்தான். ஆனால் இரவும் பகலும், நொடிக்கு ஒரு சுற்று. ஒரு நம்பர் பதில் சொல்லவில்லையென்றால் மூன்று தடவை கூப்பிட்டுப் பார்க்கும். மூன்றாவதுக்கும் சத்தமில்லையென்றால் அந்த நம்பரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, அதன் இயந்திரத்தையும் நிறுத்திவிடும். பாடம் முடிந்தது.

நான்காம் நம்பர், கலவைத் தொட்டி. ஒரு ஆள் உள்ளே இறங்கி நிற்கலாம், அவ்வளவு பெரியது. அதன் கேபிள் நீராவிக் குழாயை ஒட்டிப் போயிருந்தது. சூட்டில் கேபிள் கெட்டு, நாளைக்கு இரண்டு தடவையாவது பதில் போகாது. தொட்டி நின்றுவிடும். பாதி வெந்த சோப்பு உள்ளேயே கல்லாக இறுகும். மேனேஜர் அத்தானைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்குவார். புதுக் கேபிள் கேட்டால் வரும், வரும் என்பார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அத்தான் ஒரு நாள் லேப்டாப்பை மாட்டி, கண்ட்ரோலருக்குள் ஒரே ஒரு வரி எழுதினார். நான்கு பதில் சொல்லாவிட்டாலும் 'இருக்கிறேன், விசேஷம் ஒன்றுமில்லை' என்று சொன்னதாகவே எடுத்துக்கொள்.

இதற்கு ஃபோர்ஸ் போடுவது என்று பெயர். போட்டால் பெட்டியின் முகப்பில் மஞ்சள் விளக்கு ஒன்று எரியும். யாராவது கேட்கப் போகிறார்கள் என்று அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டினார். ஒரு வாரத்துக்குத்தான் என்று நினைத்தார். பதினொரு மாதம் ஓடிப்போனது.

கலவைத் தொட்டியைப் பார்த்துக்கொண்டவர் வயதில் மூத்தவர். அவருக்கு ரெட்டைத் தட்டு என்று பட்டப்பெயர். எந்தப் பொத்தானையும் இரண்டு தடவை அழுத்தாமல் விடமாட்டார். ஒரு தட்டே போதும்ணே, அதுக்குக் காது நல்லாத்தான் கேக்குது என்று அத்தான் போகும்போது வரும்போதெல்லாம் கிண்டல் செய்வார். அவரும் சிரித்துக்கொண்டே இன்னொரு தட்டு தட்டுவார்.

அந்த வியாழக்கிழமை அவர் தொட்டியைச் சுரண்டிச் சுத்தம் செய்ய இறங்கினார். இறங்கும் முன் 'நிறுத்து' பொத்தானை அழுத்தினார். டெர்மினல் திரையில் 'நிறுத்தம்' என்று வந்தது. மெயின் சுவிட்சைப் பூட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்பது விதி. அங்கே யாரும் பூட்டுவதில்லை. திரையைப் பார்ப்பார்கள், இறங்குவார்கள். திரைக்கு அப்பால் கேபிள் செத்துக் கிடந்தது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் அழுத்தியது கண்ட்ரோலருக்குப் போகவே இல்லை. கண்ட்ரோலர் நான்கைக் கூப்பிட்டது. அத்தான் எழுதிய வரி பதில் சொன்னது. இருக்கிறேன், விசேஷம் ஒன்றுமில்லை. அடுத்த கலவைக்கென்று கண்ட்ரோலரில் குறித்திருந்த நேரத்தில் தொட்டிக்குள் இருந்த கலக்கும் கத்திகள் சுற்ற ஆரம்பித்தன.

அதற்கு மேல் நான் சொல்லமாட்டேன்.

பூட்டாமல் இறங்கியது அவர் தப்பு என்று மேனேஜர் அன்று மாலையே எழுதிவிட்டார். மறுநாள் இறந்தவரின் மனைவி தொழிற்சாலை வாசலில் வந்து நின்றார். அழவில்லை. வெளியே வந்த அத்தானை நிறுத்தி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ரெண்டு தடவை அமுக்காம அவரு இறங்கவே மாட்டாரே தம்பி... அமுக்கலையா?"

அத்தான் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் வந்து நான்காம் டெர்மினலைக் கழற்றிச் சாக்கில் கட்டி எடுத்துப் போனார். கலவைக் கூடத்துக்குச் சீல் வைத்தார். கண்ட்ரோலரின் நினைவைப் படிக்கத் தெரிந்த நிபுணர் திங்கட்கிழமை காலை வருவதாக இருந்தது. அந்த ஒரு வரி அவர் கண்ணில் பட்டால் அத்தானுக்கு ஜெயில். படாவிட்டால், செத்துப் போனவர் தலையில் தப்பு காலத்துக்கும் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் பைக்கில் போன மனிதர் இதில் எதைத் தேர்ந்தெடுத்தார் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

வாட்ச்மேன் தெரிந்தவர். மறந்துவைத்த சாமானை எடுக்க வந்தேன் என்றார் அத்தான். கண்ட்ரோல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஏசி நிறுத்தியிருந்தது. காஸ்டிக் சோடா வாடை, அதன்மேல் எலுமிச்சை வாசனை... அந்தத் தொழிற்சாலையின் வாசனையே அதுதான். ஆனால் மூன்று நாளாக அங்கே சோப்பு காய்ச்சவே இல்லை.

லேப்டாப்பை மாட்டினார். அந்த லைனில் எதை மாட்டினாலும் அதற்கென்று ஒரு நம்பர் வேண்டும். அத்தானின் லேப்டாப்புக்கு எப்போதும் ஏழு. கண்ட்ரோலர் ஏழைக் கூப்பிடாது. பட்டியல் ஆறோடு முடிந்துவிடும். ஏழு வெறுமனே ஒட்டுக் கேட்கும் நம்பர்.

முதலில் வியாழக்கிழமைப் பதிவைத் திறந்து பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம். நாற்பது நிமிடம் நான்கிலிருந்து ஒரு தகவலும் வரவில்லை. அந்த மனிதர் எத்தனை தட்டு தட்டினாரோ, ஒன்றுகூட வந்து சேரவில்லை. ஒவ்வொரு நொடியும் ஃபோர்ஸ் மட்டும் பதில் சொல்லியிருந்தது. இருக்கிறேன். இருக்கிறேன். இருக்கிறேன். பக்கம் பக்கமாக.

அதை அழித்தார். அடுத்து அந்த ஒரு வரியை அழித்தார். கறுப்பு டேப்பை நகத்தால் உரித்தெடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கண்ட்ரோலர் நான்கைக் கூப்பிட்டது. பதில் இல்லை. டெர்மினல்தான் சாக்கில் இருக்கிறதே. மறுபடி கூப்பிட்டது. மூன்றாவது தடவையும் கூப்பிட்டது. பெட்டிக்குள்ளே ஒரு ரிலே சுவிட்ச் விழுந்தது. டக். திரையில் நான்கு பட்டியலிலிருந்து மறைந்தது. எல்லாம் எப்படி நடக்க வேண்டுமோ அப்படியே நடந்தது. அத்தானுக்கு மூச்சு வந்தது.

ஒன்று, இருக்கிறேன். இரண்டு, இருக்கிறேன். மூன்று. ஐந்து. ஆறு.

ஏழு...?

அத்தான் திரையை உற்றுப் பார்த்தார். ஏழுக்கு எதிரே 'பதில் இல்லை' என்று வந்தது. அடுத்த சுற்று மெதுவாக வந்தது, யாரோ யோசித்து யோசித்துக் கூப்பிடுவது போல. ஏழு. பதில் இல்லை. லேப்டாப்பில் அதற்குப் பதில் சொல்கிற ஏற்பாடே கிடையாது. மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று... இடது கை மரத்துப் போனது. மூச்சை உள்ளே இழுக்க முடியவில்லை. இது மூன்றாவது தடவை என்று மட்டும் புத்திக்கு எட்டியது. ஏன் செய்தார் என்று அவருக்கே தெரியாது. வாயைத் திறந்து சொன்னார்.

"இருக்கேன்."

திரையில் ஏழுக்கு எதிரே விழுந்தது. இருக்கிறேன்.

கேபிளைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தார். பைக்கில் ஏறி, ஆள் இல்லாத அந்தச் சாலையில் பாதி தூரம் வந்திருப்பார். பின்னங்கழுத்துக்குள்ளே, காதுக்குச் சற்றுக் கீழே, டக் என்றது. உடனே மூச்சு அடைத்தது. ஹெல்மெட்டுக்குள்ளேயே 'இருக்கேன்' என்றார். மூச்சு வந்தது.

திங்கட்கிழமை நிபுணர் வந்தார், படித்தார், ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்துப் போனார். இறந்தவர் மேல்தான் தப்பு என்று முடிவாயிற்று. மேனேஜர் அத்தானைத் தோளில் தட்டிக் கொடுத்தார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு 'இருக்கேன்' என்றார்.

ஒரு கணக்கில் வந்தால் சமாளித்துக்கொள்ளலாம். அது கணக்கில் வரவில்லை. சில சமயம் கால் மணி நேரம் சும்மா இருக்கும். சில சமயம் ஒரு நிமிடத்துக்குள் இரண்டு தடவை. சாப்பிடும்போது, குளிக்கும்போது, சாலையைக் கடக்கும்போது... டக். பதில் சொல்லாமல் இருந்தும் பார்த்தார். முதல் தடவை மூச்சு நிற்கும். இரண்டாவதில் கை கால் மரக்கும். மூன்றாவதுக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும். அதற்கு மேல் சோதித்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை. உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. வீட்டுக்குள்ளே சுவரோரமாக நடந்துகொண்டே இருந்தார். தூக்கம் என்பதே இல்லை. தூங்கினால் யார் பதில் சொல்வது?

அக்கா முதலில் போனில் பேசுகிறார் என்று நினைத்தாள். பிறகு பயந்துபோனாள். ஆறாம் நாள் இரவு அழுதுகொண்டே கேட்டபோது அத்தான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த அம்மா வாசலில் நின்று கேட்டாரே, அவருக்காகவாவது போய் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றாள். அத்தானும் சரி என்றார். ஒரு வாரம் போகட்டும் என்றார்.

ஒரு வாரம்! மனிதர் திருந்தவே இல்லை பாருங்கள்.

ஒன்பதாம் இரவு உடம்பு ஓய்ந்துவிட்டது. அவர் அக்காவின் கையை எடுத்துத் தன் மார்பில் வைத்துக்கொண்டார். "நான் கொஞ்சம் கண்ணை மூடறேன். மூச்சு நின்னா... எனக்குப் பதிலா நீ சொல்லு. இருக்கார்னு சொல்லு."

கேட்டீர்களா? நான்காம் நம்பருக்குச் செய்த அதே வேலை. அன்றைக்குக் கண்ட்ரோலருக்குள் எழுதினார், இன்றைக்குப் பெண்டாட்டியின் வாயில் எழுதினார். பலித்தது, அதுதான் கொடுமை. உள்ளங்கைக்குக் கீழே மார்பு அசையாமல் நிற்கும். அக்கா 'இருக்கார்' என்பாள். மார்பு ஏறி இறங்கும். அன்று அத்தான் நாலு மணி நேரம் தூங்கினார். அக்கா ஒரு நிமிடம்கூடத் தூங்கவில்லை. அடுத்த இரவும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாள் என் நண்பனைப் போனில் அழைத்து, உடனே கிளம்பி வா என்றாள்.

நண்பன் அன்று சாயங்காலம் போய்ச் சேர்ந்தான். வாசலில் நின்ற அத்தானை அவனுக்கு அடையாளமே தெரியவில்லையாம். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய்... மேலெல்லாம் எலுமிச்சை வாசனை. இதுவரை நான் சொன்னதெல்லாம் அன்று அத்தான் அவனிடம் சொன்னதுதான். நடுநடுவே இருபது தடவையாவது 'இருக்கேன்' என்றார். கடைசியில், காலையில் ஒன்பது மணிக்கு இன்ஸ்பெக்டரிடம் போய் எழுதிக் கொடுத்துவிடுகிறேன், நீயும் கூட வா என்று நண்பனின் கையைப் பிடித்துக்கொண்டார். இப்போதே எழுதிவிடலாமே அத்தான் என்று நண்பன் கேட்டான். கண் சொருகுகிறது, காலையில் எழுதலாம் என்றார். பத்து மணிக்கு முன்பே போய்ப் படுத்துவிட்டார்.

நண்பன் கூடத்தில் பாய் போட்டுப் படுத்தான். படுக்கையறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இருந்து அக்காவின் குரல், தூக்கக் கலக்கத்தில். "இருக்கார்." கொஞ்ச நேரம் கழித்து, "இருக்கார்." முதலில் அவன் எழுந்து உட்கார்ந்துகொண்டான். பிறகு அதுவே தாலாட்டு மாதிரி ஆகி, எப்போது தூங்கினான் என்று தெரியாமல் தூங்கிவிட்டான்.

விழித்தபோது மணி நாலரை. கூடத்து மூலையில் மேசை விளக்கு எரிந்தது. அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். முதுகுதான் தெரிந்தது. பேனா காகிதத்தில் உரசும் சத்தம்... சர், சர், சர். வாசனை மூக்கைத் துளைத்தது. "எழுதறீங்களா அத்தான்?" என்று நண்பன் கேட்டான். அவர் திரும்பவில்லை. பேனா நின்றது. ஒரு எழுத்தின் நடுவில் நின்றது போல நின்றது. தோளும் அசையவில்லை, தலையும் அசையவில்லை.

உள்ளே இருந்து அக்காவின் குரல் வந்தது. "இருக்கார்."

பேனா ஓடியது. சர், சர், சர்.

எப்படியோ மனது வந்து எழுதுகிறாரே என்று நண்பனுக்கு நிம்மதியாக இருந்தது. புரண்டு படுத்தான். பேனா நிற்பதும், உள்ளே அக்கா சொல்வதும், பேனா ஓடுவதும் காதில் விழுந்துகொண்டே இருந்தன. இரண்டையும் சேர்த்து யோசிக்க அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்?

காலை ஆறு மணிக்கு அக்கா அலறினாள். அத்தான் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். அக்காவின் கை இன்னும் அவர் மார்பில் இருந்தது. எதிர் வீட்டு டாக்டர் ஓடிவந்தார். அத்தானின் கையைத் தூக்கப் பார்த்தார், மடங்கவில்லை. கண்ணைப் பிரித்துப் பார்த்தார். நண்பனைத் தனியாகக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார். "நேத்து ராத்திரி பத்தரைக்கு முன்னாடியே போயிருக்கணும்பா. உடம்பு நல்லா விறைச்சிருச்சு."

நண்பன் மேசையைப் பார்த்தான். நாலு பக்கம். ஃபோர்ஸ் போட்டது, டேப் ஒட்டியது, பதிவை அழித்தது, எல்லாம் வரிசையாக. அவர் தப்பு ஒன்றுமில்லை, என் தப்புதான் என்று கடைசி வரி. கையெழுத்து. டெக்னீசியன்களுக்கு எதை எழுதினாலும் கீழே நேரம் போடும் பழக்கம் உண்டு. ஐந்து மணி இருபது நிமிடம் என்று போட்டிருந்தது.

அந்தக் காகிதம் இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சேர்ந்தது. டாக்டர் எழுதிய நேரமும் இந்த நேரமும் இடிக்கிறதே என்று அவர் கேட்டார். வீட்டுக் கடிகாரம் கோளாறு என்று நண்பன் சொல்லிவிட்டான். ரெட்டைத் தட்டு அண்ணன் மேல் இருந்த தப்பு நீங்கியது. அவர் மனைவி ஒரு நாள் அக்கா வீட்டுக்கு வந்து, அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாராம்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். போன மாதம்தான் மீதியை நண்பன் சொன்னான்.

அத்தான் இறந்த அன்றைக்குச் சாயங்காலம். கூடத்தில் அத்தானைக் கிடத்தி வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். வர வேண்டியவர்களுக்காகக் காத்திருந்தார்கள். சுற்றிலும் ஒரே அழுகை. மூன்று இரவு தூங்காத அக்கா, சுவரில் சாய்ந்தபடியே கண் அசந்துவிட்டாள். நண்பன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அக்காவின் உதடு பிரிந்தது. அழுகைச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்கவில்லை.

"இருக்கார்."

வெள்ளைத் துணி, மார்பு இருக்கும் இடத்தில் மெதுவாக ஏறியது... இறங்கியது.

நண்பன் சட்டென்று அக்காவின் வாயைப் பொத்தினான். அழ வேண்டாம் என்று தம்பி ஆறுதல் சொல்கிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். பொத்திய கைக்குள் அவள் உதடு அசைந்துகொண்டே இருந்ததாம். அவன் இன்னும் அழுத்திப் பொத்தினானாம்.

துணிக்குக் கீழே எப்போது அடங்கியது என்று கேட்டேன். அவன் எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தான்.